சுட்டுப் பார்த்த சட்டை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. தூக்க மாத்திரை வாங்க வந்த ஒருவனிடமிருந்து எடுத்துக்கொண்டது.

மிசூரி மாநிலத்தின் இந்தச் சின்ன ஊரில், மருந்துக்கடைக் கவுன்டருக்குப் பின்னால் இருபத்திரண்டு வருடமாக நிற்கிறேன். யார் எதற்காக எதை விழுங்குகிறார்கள் என்பதை வெளியே சொல்லக் கூடாது. அது தொழில் தர்மம். அதனால் அவன் பெயரை மாற்றிவிட்டேன், மீசையை மழித்துவிட்டேன். தர்மம் காப்பாற்றப்பட்டது.

"இதவிடக் கொஞ்சம் பெருசா ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டான். "படுத்தா கண்ணு மூட மாட்டேங்குது."

"என்ன கவலை?"

"பொண்டாட்டிக்குக் குண்டு துளைக்காத சட்டை வாங்கிக் குடுத்தேன். போட மாட்டேங்குறா."

எழுதுகிறவன் என்ற ஜந்துவுக்கு இந்த ஒரு வரி போதும். மாத்திரையை அவனுக்குக் கொடுத்தேன். வரியை நான் வைத்துக்கொண்டேன்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

(அ) 'இந்த நாட்டில் மனிதர்களைவிடத் துப்பாக்கிகள்—' வேண்டாம். கட்டுரை வாடை அடிக்கிறது.

(ஆ) 'அன்றைய காலையும் வழக்கம்போலத்தான் விடிந்தது—' ஐயோ, வேண்டவே வேண்டாம். யாரோ துப்பாக்கியோடு பள்ளிக்குள் நுழைந்த நாட்களைப் பற்றித் தொலைக்காட்சிக்காரர்கள் பேசும்போது இப்படித்தான் ஆரம்பிப்பார்கள்.

(இ) பரிசுப் பெட்டியைத் தூக்கிப் பார்த்ததும், தான் கேட்டிருந்த வார்ப்பிரும்புச் சட்டிதான் என்று மார்லா நம்பினாள்.

இது இருக்கட்டும்.

3

பரிசுப் பெட்டியைத் தூக்கிப் பார்த்ததும், தான் கேட்டிருந்த வார்ப்பிரும்புச் சட்டிதான் என்று மார்லா நம்பினாள். எடை அவ்வளவு சரியாக இருந்தது. பதினேழாவது திருமண நாள். ரிப்பனை உருவினால், உள்ளே கருநீலத்தில் கையில்லாத ஒரு தடிச் சட்டை.

"இது என்ன, மீன் பிடிக்கப் போறப்ப போடுறதா?"

"குண்டு துளைக்காது," என்றான் டுவேன்.

"மீன் எப்போ சுட ஆரம்பிச்சுது?"

"வெளயாடாத மார்லா. பள்ளிக்கூடத்துக்குப் போட்டுட்டுப் போ."

"சட்டியா இருந்தா முட்டையாச்சும் பொரிச்சிருப்பேன்."

அவன் சிரிக்கவில்லை. மார்லா ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள். டுவேன் வீடு வீடாகப் போய்க் குளிர்சாதனமும் அடுப்புலையும்* பழுது பார்க்கிறவன். ஆகஸ்டில் பக்கத்து மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் அது நடந்தது. எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பள்ளியின் உலையைப் போன குளிர்காலத்தில் பழுது பார்த்தவன் டுவேன்தான். செய்தியில் காட்டிய ஒவ்வொரு கதவும் அவனுக்குத் தெரியும். எந்தக் கதவு சரியாகப் பூட்டாது என்பதும் தெரியும். அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

* வீட்டைச் சூடாக்க நிலவறையில் இருக்கும் இயந்திரம். 'அடுப்புலை' என்று ஒரு சொல்லை இப்போதுதான் உருவாக்கினேன்; நன்றாக இல்லை. அடுத்த பிரதியில் எடுத்துவிடுவேன்.

கணவன் மனம் நோகக் கூடாதென்று திங்கட்கிழமை மேல்சட்டைக்குள் அதைப் போட்டுக்கொண்டு போனாள். முதல் மணி நேரத்திலேயே வெண்டெல் என்ற பையனின் காலணிக் கயிற்றைக் கட்டக் குனிய முடியவில்லை. தேர் சாய்வதுபோல் பக்கவாட்டில் சாய்ந்து கட்டினாள். பத்து மணிக்கு டான்சி என்ற குட்டி, தினமும் செய்வதுபோல ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டது. உடனே கையை எடுத்துவிட்டு அண்ணாந்து பார்த்தது.

"மிஸ், உங்க வயிறு ஏன் கதவு மாதிரி இருக்கு?"

மதிய உணவு வேளையில் கழிவறைக்குப் போய்க் கழற்றிவிட்டாள்.

4

கதையை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் பேசலாமா? சாதாரண மனிதன் இதை வாங்கலாமா கூடாதா என்று ஒரு தீர்ப்புச் சொல்லச் சொல்லி உள்ளே ஒருவன் நச்சரிக்கிறான்.

சட்டம் என்ன சொல்கிறது? வன்முறைக் குற்றத்துக்குத் தண்டனை பெறாத வரைக்கும் இங்கே தாராளமாக வாங்கலாம். பொருள் என்ன செய்யும்? இந்த மெல்லிய வகை கைத்துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும். ரைஃபிள் குண்டைத் தடுக்காது. அதற்குக் கனத்த தகடு வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு வருகிறவன் எதைக் கொண்டுவருவான் என்று விற்கிறவர்களும் கேட்பதில்லை, வாங்குகிறவர்களும் கேட்பதில்லை. நல்ல குடும்பங்களில் சில விஷயங்களைப் பேசாமல் விடுவதில்லையா, அப்படி.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பது நம்முடைய பழமொழி. இங்கே அதை அளவு பார்த்து, நான்கு நிறங்களில் விற்கிறார்கள். மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்பார்கள். இவர்களோ பயம் போக வேண்டுமென்று கனத்தை வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள்.

[மேலே உள்ள ஏளனத்தை எழுதியவனைப் பற்றி ஒரு குறிப்பு: இரவு ஒன்பது மணிக்குத் தனியாகக் கடையைப் பூட்டுகிறவன் நான். இந்தச் சட்டையை விற்கும் இணையத் தளத்துக்குப் போய், என் அளவைத் தேர்ந்தெடுத்து, கூடையில் போட்டு, வாங்காமல் வெளியே வந்திருக்கிறேன். இப்போது வாரம் ஒருமுறை எனக்கு மின்கடிதம் வருகிறது: 'உங்கள் பாதுகாப்பை மறந்துவிட்டீர்களே!' கடிதத்தை அழிக்கிறேன். கூடையைக் காலி செய்யவில்லை.]

5

"பத்தொம்பது புள்ளைங்க இருக்கு அந்த ரூம்ல," என்றாள் மார்லா. "நான் ஒருத்தி மட்டும் கவசம் போட்டுட்டு நின்னா, அதுங்க மூஞ்சிய எப்படிப் பாக்குறது?"

"அவங்க பத்தொம்பது பேரு. எனக்கு நீ ஒருத்திதான்."

இந்தப் பதிலை நான் இட்டுக்கட்டவில்லை. கவுன்டரில் நின்று அவன் சொன்னதுதான். சொல்லிவிட்டு இருமல் மருந்து வரிசையைப் பார்த்தபடி நின்றான். கடனட்டையை நீட்டச் சொன்னேன்.

மார்லா என்ற பாத்திரம் மேல் எனக்கு இங்கே ஒரு சந்தேகம் வந்தது. ரொம்ப நல்லவளாக வருகிறாள். ஒரு குறையாவது வேண்டும். இதோ: ஞாயிற்றுக்கிழமை விருந்தில், தன் அண்ணன் ராய்ஸின் முன்னால், உருளைக்கிழங்கு சாலட்டைப் பரிமாறிக்கொண்டே அவள் சொன்னாள்: "எங்க வீட்டுக்காரருக்கு இப்பல்லாம் பள்ளிக்கூட மணிச் சத்தம் கேட்டாலே ஒன்னுக்கு வந்துடுது." மேசை முழுக்கச் சிரிப்பு. டுவேனும் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு அவளுக்குச் சாலட் இறங்கவில்லை.

அடுத்த வாரம் தலைமை ஆசிரியை அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தப்பா நெனைக்காத மார்லா. நாலு நாளா வேலிக்கு வெளிய ஒரு வெள்ளை வேன் நிக்குதாம். உள்ள ஒரு ஆள் உக்காந்து பள்ளிக்கூடத்தையே பாத்துட்டு இருக்கானாம். மூணு அம்மாமாரு போலீசுக்குப் போன் பண்ணிட்டாங்க."

"வேன்ல குளிர்சாதனப் படம் போட்டிருக்கா?"

"ஆமா."

"அது என் வீட்டுக்காரர்."

"தெரியும்மா. அதான் உன்னக் கூப்பிட்டேன்."

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பள்ளியைக் காவல் காக்க வந்தவனைப் பார்த்துத்தான் ஊரே பயந்துபோயிருந்தது. மார்லாவுக்குச் சிரிப்பு வந்தது. காருக்குப் போய், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். அந்தச் சனிக்கிழமை ஒரு முடிவெடுத்தாள்: போட்டுக்கொள்வோம். குண்டுக்காக அல்ல, அவன் தூக்கத்துக்காக.

6

அதே சனிக்கிழமை அவன் வீட்டில் இல்லை. சட்டையும் இல்லை. இரண்டும் ராய்ஸின் களஞ்சியத்துக்குப் பின்னால் இருந்தன.

(இந்த ஊரில் 'மச்சான்' என்ற சொல் கிடையாது. பெண்டாட்டியின் அண்ணனைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஆனால் ராய்ஸ் மாதிரி ஒருவனுக்கு வேறு சொல் எனக்கு அகப்படவில்லை.)

"சோதிக்காமயா என் தங்கச்சிக்கு மாட்டுவ? கார் வாங்குனா ஓட்டிப் பாக்க மாட்டியா?"

"அட்டையில எல்லாம் போட்டிருக்கான் மச்சான்."

"அட்டையில சோள ரொட்டி படம்கூடத்தான் போட்டிருக்கான். அந்த மாதிரியா வருது உங்க வீட்ல?"

ஒரு பெரிய தர்பூசணிக்குச் சட்டையை மாட்டி வைக்கோல் கட்டின் மேல் வைத்தார்கள். ராய்ஸ் கைத்துப்பாக்கியால் ஒரே ஒரு முறை சுட்டான். ஓடிப்போய்ப் பார்த்தால், குண்டு சட்டைக்குள்ளேயே நசுங்கி நின்றுவிட்டிருந்தது. இருவரும் கத்திக் குதித்துக் கட்டிக்கொண்டார்கள். பிறகு சட்டையைக் கழற்றினார்கள். குண்டு தொடாத தர்பூசணி உள்ளுக்குள் வெடித்துச் சாறு ஒழுகிக்கொண்டிருந்தது.

"பழம் முத்திப்போச்சு, அதான்," என்றான் ராய்ஸ்.

களஞ்சியச் சுவரில் அவனுடைய ரைஃபிள் சாய்ந்து நின்றது. அதைச் சோதிக்கலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு பேரும் அந்தப் பக்கமே பார்க்காமல் பீர் குடித்தார்கள்.

டுவேன் வீட்டுக்கு வந்ததும் மார்லா சொன்னாள்: "சரி, போட்டுக்கறேன். திங்கக்கெழமைலேருந்து. நீ அந்த வேன எடுத்துட்டு உன் வேலையப் பாரு."

அவன் அவளை அப்படியே தூக்கிவிட்டான். அன்றைக்கு மாத்திரை இல்லாமல் தூங்கினான்.

7

ஞாயிறு காலை, சட்டையை எப்படித் துடைப்பது என்று பார்க்க அதோடு வந்த கையேட்டைப் பிரித்தான். ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது: ஒருமுறை குண்டு பட்டால், பட்ட சட்டையை மறுபடி உடுத்தக் கூடாது.

அதாவது வேலை செய்கிறது என்று நிரூபித்த நொடியிலேயே அது வேலை செய்யாமல் போய்விட்டது. தீக்குச்சி எரிகிறதா என்று உரசிப் பார்த்துவிட்டுப் பெட்டிக்குள் திருப்பி வைத்ததுபோல.

[இந்த உவமையை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும். கதையும் அப்படித்தான், இது வேலை செய்கிறதா என்று இத்தனை முறை நானே தட்டிப் பார்த்துவிட்டேன்.]

புதிதாக ஒன்று வாங்கப் போனான். ஆகஸ்டுக்குப் பிறகு எல்லோரும் வாங்கியதில் சரக்குத் தீர்ந்திருந்தது. ஆறு வாரம் ஆகும் என்றார்கள். பதிந்தான். பிறகு நிலவறையில் உட்கார்ந்து, ஓட்டையைக் கருநீல நூலால் தைத்தான். குளிர்சாதனக் குழாயைச் சுற்றிக் கட்டுகிறவன் தையல் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

8

திங்கட்கிழமை காலை. சமையலறை. (அந்தச் சமையலறைக்குள் நான் ஒரே ஒரு முறை, அவர்கள் பலகாரம் தந்தனுப்பிய தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போயிருக்கிறேன். அதனால் அடுப்பு எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள்.)

மார்லா சட்டையைத் தலைவழியாக மாட்டினாள். இடது மார்புக்குக் கீழே விரல் நின்றது.

"இது என்ன தையல்?"

"வேன் கதவுல மாட்டி கிழிஞ்சுது."

ஐந்து வயதுக்காரர்களோடு பதினான்கு வருடம் இருந்தவள். பொய்யில் எத்தனை வகை உண்டோ அத்தனையும் காலை ஒன்பது மணிக்குள் கேட்டு முடிக்கிறவள். அவன் முகத்தைப் பார்த்தாள். இரண்டு இரவு தூங்கிய முகம். நேற்றே அண்ணன் போனில் தர்பூசணிக் கதையைப் பெருமையாகச் சொல்லிவிட்டிருந்தான். கையேட்டை அவளும் படித்துவிட்டாள்.

"பக்கவாட்டுப் பட்டைய இறுக்கிவிடு," என்றாள். "எனக்கு எட்டல."

டுவேன் பின்னால் வந்து நின்று பட்டையைப் பிடித்தான்.

"போதுமா? இறுக்கமா இருக்கா?"

"நீ சொல்லு. உனக்குத்தானே இது."

அவன் வாயைத் திறந்தான்.

இங்கே நிறுத்துகிறேன். முடிவுகள் கையில் இருக்கின்றன. சொல்லிவிடுகிறான், அவள் "தெரியும்டா" என்கிறாள், சட்டையை வாசலில் பழைய சாமான் விற்பனைக்குப் போடுகிறார்கள் என்பது ஒன்று. அன்றைக்கு நல்ல விலைக்குப் போகும். வாங்குகிறவனிடம் தையலைப் பற்றி யார் சொல்வது என்று இன்னொரு கதை தொடங்கும். சொல்லவில்லை, ஆறு வாரமும் ஒன்றும் நடக்கவில்லை என்பது இரண்டாவது. பெரும்பாலும் அதுதான் நடக்கும். பெரும்பாலான பள்ளிகளில் பெரும்பாலான நாட்களில் ஒன்றும் நடப்பதில்லை. கடைக்காரன் விற்பது அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லைக் கழித்த மிச்சத்தைத்தான்.

மூன்றாவது முடிவை நான் எழுத மாட்டேன். உங்களுக்கு அது முதல் பக்கத்திலேயே தோன்றியிருக்கும். மனதில் வைத்துக்கொண்டுதான் இதுவரை வந்திருக்கிறீர்கள். அந்த வகுப்பில் பத்தொன்பது பேர். டான்சிக்குப் பேர் வைத்தேன், வெண்டெலுக்கு வைத்தேன். மீதிப் பதினேழு பேருக்கும் வைக்கப் பட்டியல்கூடப் போட்டேன், பிறகு கிழித்துவிட்டேன். ஒரு வகுப்பின் பிள்ளைகள் பேரையெல்லாம் வரிசையாக, வயதோடு, இந்த நாடு எந்த நாளில் படிக்கிறது என்று எனக்குத் தெரியும்.

எட்டு ஐந்துக்கு மணி அடிக்கும். டான்சி ஓடி வந்து கட்டிக்கொள்ளும். அவன் இன்னும் பட்டையைப் பிடித்தபடி வாயைத் திறந்துகொண்டு நிற்கிறான். என்ன சொல்ல வேண்டுமென்று நீங்களே சொல்லிக் கொடுங்கள். நான் போய் என் கூடையைப் பார்க்க வேண்டும்.