புள்ளிகளுக்குள் நிற்கிறவன்

மூட்டை தூக்குகிறவரின் செத்துப்போன மகன், மழை ஓய்ந்த வாரத்தில், டிவியில் நிகழ்ச்சி எதுவும் வராத ஒரு சேனலில் வரத் தொடங்கினான். படம் சுத்தமாக இல்லை. புள்ளிகள் ஈசல் மாதிரி மொய்த்தன. அதற்குள் தோளில் துண்டோடு நின்று வாயை அசைத்தான்; சத்தம் வரவில்லை. முதலில் பார்த்தவள் அம்மாக்காரிதான். பிழிந்த துணியைக் கையில் வைத்துக்கொண்டே, "இளைச்சுட்டான்" என்றாள். அதற்குமேல் ஆச்சரியப்பட அவளுக்குத் தெம்பில்லை.

அப்பாவுக்கு வேண்டியது அந்தச் சத்தம். கிடங்கில் அடுக்கியிருந்த மூட்டைகள் சரிந்த அன்று, பக்கத்தில் நின்ற மகன் ஏதோ சொன்னான். எப்போதுமே மெதுவாகப் பேசுகிறவன். லாரி உறுமலில் ஒன்றும் காதில் விழவில்லை. "சத்தமா சொல்லுடா, வாயை வாடகைக்கு விட்டிருக்கியா" என்று இவர் திரும்பாமலே அதட்டினார். முதுகில் ஒரு தள்ளு விழுந்தது. விழுந்தவர் எழுந்து திரும்பினால், அவன் நின்ற இடத்தில் மூட்டைகள்தான் இருந்தன. அவன் சொன்னது என்ன என்ற கேள்வி அன்றிலிருந்து தொண்டையில் முள்ளாக நின்றது. சோறு இறங்கவில்லை.

கேபிள்காரர் கம்பத்திலிருந்து வயரைத் தடவிக்கொண்டே வந்தார். திரையைப் பார்த்து, "நம்ம பையனா?" என்று கேட்டுவிட்டு இணைப்பை முறுக்கினார். "தெருக் கடைசி வீடுண்ணே. வழியில எல்லாரும் சிக்னலை உறிஞ்சிட்டு மிச்சம் வச்சதுதான் உங்களுக்கு."

"பூஸ்டர் வச்சா?"

"கம்பத்துல வைக்கணும், அங்க கரண்ட் இல்ல. இங்க வச்சா புள்ளியும் சேர்ந்துதான் வளரும். நல்லா இருக்கும்போதே பிடிச்சு ஏத்தணும்ணே, நலிஞ்ச பிறகு ஏத்தி என்ன?"

கேட்கிற ஆளா இவர்? வாங்கி வந்து டிவி பக்கத்திலேயே மாட்டினார். மகன் வளர்ந்தான், புள்ளிகளும் வளர்ந்தன, இரைச்சல் லாரி மாதிரி உறுமியது. ஆத்திரத்தில் வயரைப் பிடித்து இழுத்ததில் ஜன்னலுக்கு வெளியே இருந்த இணைப்பு பிய்ந்தது. அங்கே துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாக்காரி இரண்டு முனைகளையும் எடுத்துக் கைக்குள் சேர்த்துப் பிடித்தாள். புள்ளிகள் அடங்கின. மகனின் மீசை தெரிந்தது.

கம்பியில் ஏறியது அவளிடமிருந்த சத்தம். முதலில் அவள் செருப்புச் சத்தம் போயிற்று, பிறகு பாத்திரம் துலக்கும் சத்தம், பிறகு இருமல். அவளிடம் குறைந்தது அவனிடம் முணுமுணுப்பாகக் கூடியது. மாதங்கள் போயின. இவருக்குத் தெரியாமல் இல்லை. விடு என்று சொல்ல வாயெடுத்து, "இன்னும் கொஞ்சம் பிடி" என்றுதான் சொன்னார். வெளியே நிற்கிறவளுக்கு டிவியின் முதுகுதான் தெரியும். "என்னங்க சொல்றான்?" என்று கேட்டாள். கடைசி எழுத்து வரும்போது குரல் தீர்ந்திருந்தது.

அப்போது அவன் பேசினான், வழக்கம்போல மெதுவாக.

"அப்பா, தள்ளி நில்லுங்க."

அவர் எழுந்து தள்ளி நின்றார். சுவர் இடித்தது. அதற்குமேல் தள்ளிப்போக இடமில்லை. ஜன்னலில் அவள் உதடு மறுபடியும் அதையே கேட்டது.

"உன்னத்தான் கேக்கறான்" என்றார். "அம்மா எங்கன்னு."

அவள் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது தெருவிலேயே அந்த வீட்டில்தான் படம் சுத்தம். மற்றவர்கள் அதைச் சொல்லிக் கேபிள்காரரிடம் சண்டை போடுகிறார்கள். மகன் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அப்பா சுவரோரம் தள்ளிக்கொள்கிறார். தூறல் விழுந்தால் எதிர்வீட்டுக்காரி குடையோடு வருகிறாள். ஜன்னலுக்கு வெளியே நிற்கிறவள் அதை ஒரு கையால் வாங்கிக்கொள்கிறாள். இன்னொரு கைக்கு வேலை இருக்கிறது.