உள்பக்கக் கம்பி

“கொஞ்சம் திருப்புங்க.”

மடியில் கிடந்த கண்ணாடி விளக்குக் கூட்டை அவர் ஒரு விரற்கடை புரட்டினார். சாய்ந்திருந்தால் உருகிய ஈயம் ஓடிவிடும். பற்றவைக்கிற இடம் மட்டமாக இருக்க வேண்டும். அதற்குத்தான் பிடித்துக்கொள்ள இன்னொரு ஆள்.

கூட்டின் வாய் மனைவியின் பக்கம், முதுகு அவர் பக்கம். நடுவே பச்சையும் மஞ்சளுமாகக் கண்ணாடித் துண்டுகள். அதன் வழியே அவள் ஒரு நிழலாகத்தான் தெரிந்தாள்.

மகள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கப்போகிற கூடு. துண்டுகளை வெட்டி, ஓரங்களில் செம்புப் பட்டை ஒட்டி, ஈயத்தால் சேர்த்ததெல்லாம் அவள். அவர் காலமெல்லாம் லாரி ரேடியேட்டருக்கு ஈயம் வைத்தவர். ஈயம் ஓட்டையை அடைக்கும், பாரம் தாங்காது. நாள்பட நாள்பட இழுபடும் என்பது அவர் கட்சி. உச்சியில் இருக்கிற பித்தளை மூடியிலிருந்து விளிம்பு வரைக்கும் உள்பக்கமாகச் செம்புக் கம்பிகள் ஓட்டியே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். பாதிக் கம்பிகள் ஏறிவிட்டன.

“இத்தனை கம்பி எதுக்கு? நிழல் விழும்.”

“இணைப்பு மேலயே வளைச்சு ஓட்டு. எவன் கண்ணுக்குத் தெரியப்போகுது?”

“என் வேலை மேல உங்களுக்கு நம்பிக்கை கிடையாது.”

“ஈயத்து மேல கிடையாது.”

“ஈயம் மட்டுந்தானா? பால்காரன், டாக்டரு, பக்கத்து வீடு, கட்டின பொண்டாட்டி...”

“வாயைக் குறை. வேலையைப் பாரு.”

அவள் வாயை மூடிக்கொண்டாள். அந்த வீட்டில் சண்டைக்குப் பிறகு முதலில் பேசுகிறவர் தோற்றவர். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அடுத்த “திருப்புங்க” வரட்டும் என்று அவர் கூட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வரவில்லை. கை மரத்தது. கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டார். கருகல் வாடை வந்தது. வேண்டுமென்றே செய்கிறாள் என்று நினைத்தார்.

புகை வந்த பிறகுதான் கூட்டுக்குப் பக்கவாட்டில் தலையை நீட்டிப் பார்த்தார். ஈயம் உருக்குகிற சால்டரிங் அயர்ன் கீழே கிடந்து மேசையைத் தின்றுகொண்டிருந்தது. அவள் நாற்காலியில் சாய்ந்திருந்தாள். மோவாய் மார்பில் முட்டியிருந்தது.

இதயம் நின்றுவிட்டது, கூட யார் இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர். எல்லா வீட்டிலும் இதையேதான் சொல்வார் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மகளும் மருமகனும் வந்தார்கள். மகள் அழுது ஓய்ந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அம்மா கடைசியா என்னப்பா சொன்னாங்க?”

“என்னத்தச் சொல்லுவா? வேலை ஓடிக்கிட்டிருந்துச்சு.”

“நீங்க பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க?”

“எதிரதான் உக்காந்திருந்தேன்.”

அது பொய் இல்லை. மகள் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

மறுநாள் எல்லாம் முடிந்து வீடு திரும்பினார்கள். மேசையைக் காலி செய்யப் போன மருமகன், பித்தளை மூடியைப் பிடித்துக் கூட்டைத் தூக்கப் பார்த்தார்.

“மாப்ளே! மூடியைப் பிடிச்சுத் தூக்காதீங்க!”

கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “எங்கக்கா போனதுக்கு ஒரு சொட்டு கண்ணீர் இல்ல. கண்ணாடிக்கு அலறுறாரு பாரு” என்றாள் கொழுந்தியாள், அவர் காதில் விழட்டும் என்றே.

“காலையில கிளம்பும்போது கார்ல வச்சு எடுத்துட்டுப் போயிடறோம் மாமா.”

“பாதிக் கம்பியோட தொங்கவிட்டா உங்க சோத்துத் தட்டுலதான் வந்து விழும்.”

“இன்னிக்கா மாமா இதெல்லாம்?”

“நான் பிடிக்கிறேன்பா” என்றாள் மகள்.

அவர் மனைவியின் நாற்காலியில் உட்கார்ந்தார். மகள் எதிரே, கூட்டை மடியில் வைத்துக்கொண்டாள். கம்பியை இணைப்பின் மேல் படிய வளைத்து அயர்னை எடுத்தவர், வைக்காமல் கையை நிறுத்தினார். கண்ணாடிக்குப் பின்னால் மகள் பச்சையாகவும் மஞ்சளாகவும் இருந்தாள்.

“பேசிக்கிட்டே இரு.”

“என்னத்தப்பா பேச?”

“எதையாவது பேசு. உன் வீட்டுக் கதைய.”

தொணதொணப்பு அவருக்கு ஆகாது. மகளுக்கு அது தெரியும். கூட்டை மடியில் மட்டமாகச் சரிசெய்துகொண்டாள். பிறகு, மாடி வீட்டுக்காரியின் வாஷிங் மெஷினிலிருந்து தங்கள் குளியலறைக்குள் தண்ணீர் சொட்டுவதையும், அவள் “எங்க வீட்டுத் தண்ணியே இல்ல” என்று சாதிப்பதையும் சொல்ல ஆரம்பித்தாள். ஈயம் கம்பியோடு மெல்ல ஓடியது.

“திருப்பு.”

திருப்பினாள். “எங்க வீட்டு ஓனர் வந்து பாக்கறேன் பாக்கறேன்னு...” மூக்கை உறிஞ்சிக்கொள்ள நிறுத்தினாள்.

அவர் அயர்னைத் தூக்கிவிட்டார்.

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, நாங்களே வாளி வச்சுப் பிடிக்கிறோம்.”

அவர் அடுத்த கம்பியை எடுத்தார்.