ஐந்தாவது விடை

அறுபத்தெட்டு மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதற்கு அந்த வீட்டில் மூன்று வாரமாக விடை கிடைக்கவில்லை. கிடைத்தே ஆக வேண்டிய நாளும் வந்துவிட்டது. சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வை மறுபடி எழுத விரும்புகிறவர்கள் அன்று மாலை ஐந்து மணிக்குள் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்த அந்த நிமிடமே பழைய மதிப்பெண் செல்லாததாகிவிடும். அதற்குப் பிறகு கூடினாலும் குறைந்தாலும் புதிதாக வாங்குவதுதான் கணக்கு.

நீதிமன்றத்துக்கு அடுத்த தெருவில் மாலை நேரச் சட்டக் கல்லூரி இருந்தது. போன வருடம் அங்கே கடைசியாக இடம் கிடைத்தவருக்கு எழுபது. அதற்கு முந்தைய வருடம் அறுபத்தேழு. அறுபத்தெட்டு என்பது கதவு நிலையில் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நிற்கிற எண். அதை வாங்கியவளுக்கு முப்பத்தொன்பது வயது. நாற்பது முடிந்தவர்களை அந்தக் கல்லூரி சேர்ப்பதில்லை. மற்றவையெல்லாம் வெளியூர், பகல் வகுப்பு. வேலையையும் விட வேண்டும், வீட்டையும் விட வேண்டும். ஆகவே இந்த வருடம் இல்லையென்றால் எந்த வருடமும் இல்லை.

அவள் நீதிமன்றச் சுருக்கெழுத்தர். இரண்டாவது மாடி, ஆறாம் எண் அறை. நீதிபதியின் மேடைக்குக் கீழே, சாட்சிக் கூண்டுக்கு நேர் எதிரே அவளுடைய சிறிய மேசை. பதினான்கு வருடமாக அந்த அறையில் பேசப்பட்ட ஒவ்வொரு சொல்லும் அவள் விரல் வழியாகத்தான் காகிதத்துக்குப் போயிருக்கிறது. அவளுடைய சொல் ஒன்றுகூட அதில் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்குச் சொல்லிக்கொடுத்த விதி ஒன்றுதான்: சொன்னதை எழுது, சொல்லாததை எழுதாதே. சாட்சி தலையாட்டினால் 'ஆம்' என்று எழுதக்கூடாது. அழுதால், யாராவது அதைச் சொன்னால் ஒழிய, அழுகை பதிவில் வராது. கேள்விக்குப் பதிலே வரவில்லையென்றால் பதில் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு கோடு. அவ்வளவுதான்.

அந்த விதிதான் தேர்வில் காலை வாரிவிட்டது. வாசிப்புப் பகுதியில் முப்பத்தைந்துக்கு முப்பத்தொன்று, மொழிப் பகுதியில் இருபத்தைந்துக்கு இருபத்து நான்கு. தர்க்கப் பகுதியில் நாற்பதுக்குப் பதின்மூன்று. விடைத்தாளை இணையத்தில் பார்த்தபோதுதான் சங்கதி புரிந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து விடைகள். ஐந்தாவது எப்போதும் 'மேற்கண்ட எதையும் சொல்ல முடியாது'. நாற்பதில் இருபத்தாறு கேள்விக்கு அவள் ஐந்தாவதைக் குறித்திருந்தாள்.

அதில் ஒரு கேள்வியைக் கணவனுக்கு வாசித்துக் காட்டினாள். கடை பூட்டியிருக்கிறது, உள்ளே விளக்கு எரிகிறது, உள்பக்கம் இருந்து யாரோ இருமுகிற சத்தம் கேட்கிறது. எது மிகப் பொருத்தமான முடிவு? உள்ளே ஆள் இருக்கிறார் என்றான் அவன், சோற்றைப் பிசைந்தபடியே. இருமல் வானொலியில் இருந்துகூட வந்திருக்கலாம் என்றாள் அவள்.

"நீ ஜட்ஜா உக்காந்தேன்னா ஒரு கேஸ் முடியாது தாயே," என்றான். பன்னிரண்டு வயது மகளுக்குப் புரையேறிவிட்டது.

அவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். எதைக் கேட்டாலும் லிஃப்டில் வைத்துத்தான் பதில் சொல்வான். அன்று காலை அவள் உடை மாற்றிக்கொண்டிருக்கும்போது, செருப்பைத் தேடிக்கொண்டே ஒரு விஷயம் சொன்னான். கரண்ட் போய் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர்கள் கீழே விழுந்துவிடுவோம் என்று பயப்படுவார்கள். ஆனால் உள்ளே ஒரே ஒரு ஆள்தான் என்றால், பிரேக்கை விட்டதும் பெட்டி மேலேதான் போகும். மறுபக்கம் தொங்குகிற எடை அதைவிடக் கனம்.

"அதனால?" என்று கேட்டாள்.

"அதனால ஒண்ணுமில்ல. நான் லிஃப்டப் பத்திச் சொன்னேன்."

வீட்டில் எடுத்துப் பார்த்த பயிற்சித் தேர்வுகளில் அறுபத்து நான்கு, எழுபத்தொன்று, அறுபத்தாறு என்று வந்திருந்தது. மகள்தான் நேரம் பார்த்தாள். விடைகளைத் திருத்தும்போது, "அம்மா, திரும்பவும் அஞ்சு போட்டிருக்கே," என்று ஒவ்வொரு தடவையும் பெருமூச்சு விட்டாள்.

வழக்கறிஞர் ஆக வேண்டும் என்கிற ஆசையை அவள் யாரிடமும் விளக்கிச் சொன்னதில்லை. கறுப்பு அங்கிக்கோ பெயர்ப் பலகைக்கோ ஆசைப்பட்டவள் இல்லை. அவளுக்குக் கேள்வி கேட்க வேண்டும். கேட்கப்படாமல் போன கேள்விகள் பதினான்கு வருடமாக அவளிடம் சேர்ந்துகிடந்தன. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்று ஒரு வழக்கு. தினமும் சாயங்காலம் மகளை உட்கார வைத்து எழுதச் சொல்லிக்கொடுத்தது நான்தான் என்று தகப்பன் கூண்டில் நின்று சொன்னான். இரண்டு பக்கத்து வழக்கறிஞர்களும் பள்ளியைப் பற்றி, வாடகையைப் பற்றி, மாமியாரைப் பற்றி ஒரு மணி நேரம் கேட்டார்கள். அந்தக் குழந்தை எந்தக் கையால் எழுதும் என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி இன்னும் அவள் தொண்டையில் இருந்தது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அதைச் சத்தமாகக் கேட்டுப் பார்த்திருக்கிறாள். உள்ளே யாரோடு பேசுகிறாய் என்று மகள் கதவைத் தட்டியிருக்கிறாள்.

மதியச் சாப்பாட்டுக்கு டவாலி அண்ணன் அவள் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். வழக்குக்கு வந்தவர்களின் பெயரை வாசலில் நின்று கூப்பிடுகிறவர்; கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் தகரம் மாதிரி ஆகியிருந்தது. மெதுவாகப் பேசினாலும் தாழ்வாரம் வரை கேட்கும். அவள் விஷயம் அந்தக் கட்டடம் முழுக்கத் தெரிந்ததற்கு அதுதான் காரணம். பதிவு செய்துவிட்டாயா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றதும் சந்தோஷப்பட்டார்.

"செய்யாதே தங்கச்சி. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாப் போயிடும். அறுபத்தெட்டுதான் உன் புருஷன். கொஞ்சம் சொத்தையாத்தான் இருப்பான், வீட்ல இருக்கானே."

"எழுபதுக்கு மேல போனா அண்ணே?"

"போனா இடம். போகலேன்னா நடுத்தெரு. சும்மா இந்த மார்க்கை வச்சே விண்ணப்பத்தைப் போட்டுட்டு உக்காரு. இந்த வருஷம் எல்லாப் பயலும் கம்மியா வாங்கியிருப்பான்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. விண்ணப்பிக்கலாம், காத்திருக்கலாம், மற்றவர்கள் குறைவாக வாங்கியிருந்தால் போதும். அவள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அப்போதைக்கு அந்தப் பக்கமே மனம் சாய்ந்தது.

இரண்டரை மணிக்கு ஒரு வாடகை வழக்கு. வழக்குப் போட்டவள் துணி தைப்பவள். ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் அறை எடுத்து மூன்று தையல் இயந்திரம் போட்டிருந்தாள். மருத்துவமனையில் பத்து நாள் கிடந்துவிட்டு வந்து பார்த்தால் அறை காலி, இயந்திரங்களைக் காணோம். அவளே எடுத்துக்கொண்டு அறையைக் காலி செய்துவிட்டாள் என்று கட்டட உரிமையாளர் சொன்னார். பூட்டு உடைக்கப்படவில்லை, சாவி அவளிடம் மட்டும்தான் இருந்தது. வேறு யார் எடுத்திருக்க முடியும்?

கூண்டில் உரிமையாளரின் காவலாளி நின்றார். தையல்காரிக்காகக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தவர் ஓர் இளம் வழக்கறிஞர். கோப்புகளைக் கட்டுகிற ரப்பர் பேண்டுகளை மணிக்கட்டில் வளையல் போல மாட்டிக்கொண்டு திரிவதால் டவாலி அண்ணன் அவருக்கு வைத்த பெயர் ரப்பர் பேண்டு. நல்ல பிள்ளை. கேள்விகளையெல்லாம் முன்கூட்டியே தாளில் எழுதி வைத்துக்கொண்டு வருவார். அதுதான் கோளாறு, தாளில் இருக்கும் அடுத்த கேள்வியைப் பார்த்துக்கொண்டே இருப்பார், பதிலைக் கேட்க மாட்டார்.

எத்தனை மணிக்கு வேலைக்கு வருவீர்கள், எத்தனை மணிக்குப் போவீர்கள் என்று கேட்டார். காவலாளி சொன்னார். அவள் எழுதினாள். அந்த மாடியில் உங்களுக்கு என்ன வேலை என்று கேட்டார்.

"எல்லாம் நான்தான் சார். விளக்கப் போடுறது, தண்ணி வருதான்னு பாக்குறது. அந்தம்மா இல்லாதப்ப மழை வந்தா ரூம் ஜன்னலக்கூட நான்தான் சாத்துவேன், துணியெல்லாம் நனைஞ்சுடும்ல."

அவள் விரல்கள் அதை அப்படியே எழுதின. எழுதி முடிப்பதற்குள் தலை அதைக் கூட்டிப் பார்த்துவிட்டது. இரண்டாவது மாடி. ஜன்னலை உள்ளேயிருந்துதான் சாத்த முடியும். தையல்காரி இல்லாதபோது கதவு பூட்டித்தான் இருக்கும் என்று உரிமையாளரே போன வாரம் கூண்டில் சொல்லியிருந்தார். அதையும் அவள்தான் எழுதினாள். அப்படியென்றால் இந்த மனிதர் எப்படி உள்ளே போனார்?

ரப்பர் பேண்டு தாளைத் திருப்பினார். "சம்பவம் நடந்த வாரத்தில் நீங்கள் விடுப்பு எடுத்தீர்களா?"

எதிர்த் தரப்பு வழக்கறிஞர் எழுந்து, எந்த வாரம் என்று தெளிவில்லை என்று ஆட்சேபித்தார். நீதிபதிக்கும் குழப்பம். குனிந்து அவளைப் பார்த்தார்.

"கடைசி மூணு பதிலைப் படிங்கம்மா."

அந்த அறையில் அவள் குரல் கேட்கிற சமயம் அது ஒன்றுதான். திரும்ப வாசிப்பதற்கும் விதி உண்டு: ஏற்றம் இறக்கம் இல்லாமல், எந்தச் சொல்லையும் அழுத்தாமல். வாசித்தாள். வேலை நேரம். விளக்கு, தண்ணீர். மழை, ஜன்னல். ஜன்னல் வந்தபோது அந்தச் சொல்லை ஒரு மயிரிழை அழுத்தினால் போதும் என்று நாக்கு துடித்தது. அழுத்தவில்லை. வாசித்துவிட்டு நிமிர்ந்து ரப்பர் பேண்டின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், ரயில் வருகிற திசையைப் பார்க்கிற மாதிரி. அவர் தாளில் எதையோ அடித்தார். இன்னும் இரண்டு கேள்வி கேட்டார். பிறகு, வேறு கேள்வி இல்லை என்றார்.

காவலாளி கூண்டிலிருந்து இறங்கிப் போனார்.

இறங்கிய அந்த நான்கு படியையும் அவள் எண்ணினாள். இந்தக் கேள்விக்கு ஐந்தாவது விடையா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். இல்லை. ஒரு நொடிகூட அது தோன்றவில்லை. பதினான்கு வருடமாகத் தலை கூட்டிக் கழித்துச் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. கைதான் அதை எழுத மறுத்துப் பழகிவிட்டது. அன்றைக்குத் தேர்வு எழுதியது கை. அந்தப் பதின்மூன்று, கை வாங்கிய மதிப்பெண்.

விசாரணை தள்ளிவைக்கப்பட்டது. வெளியே தாழ்வாரத்தில் ரப்பர் பேண்டு எதிரே வந்தார். எப்படிப் போச்சு மேடம், எதையாவது கோட்டை விட்டுட்டேனா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். எல்லோரிடமும் அப்படிக் கேட்பது அவர் வழக்கம். ஒரு வரி சொன்னால் போதும். அந்த ஒரு வரியைச் சொன்னால் அப்புறம் அந்த மேசையில் உட்கார அவளுக்கு அருகதையில்லை.

"நகல் திங்கட்கிழமை கிடைக்கும் சார். நிதானமாப் படிச்சுப் பாருங்க," என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். படிப்பார் என்று நினைத்துக்கொண்டாள். படிக்க வேண்டுமே என்றும் நினைத்துக்கொண்டாள்.

பெஞ்சில் தையல்காரி உட்கார்ந்திருந்தாள். மருத்துவமனைச் சீட்டுகளைப் பைக்குள் அடுக்கிக்கொண்டே நிமிர்ந்தாள்.

"அக்கா, அந்தாளு சொன்னதெல்லாம் எழுதிட்டீங்கள்ல?"

"எழுதிட்டேன்மா."

"ஒண்ணும் விட்டுப்போகலையே?"

"சொன்னது ஒண்ணும் விட்டுப்போகல."

அந்தப் பெண் அதில் திருப்தியடைந்து, பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். இவளால் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை.

ஆறாம் எண் அறை காலியாகிவிட்டது. மின்விசிறியை யாரோ நிறுத்தாமல் போயிருந்தார்கள். தன் மேசையில் உட்கார்ந்து கைபேசியை எடுத்தாள். மணி நான்கு நாற்பது. விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு உட்கார் என்று டவாலி அண்ணன் சொன்னது, இப்போது வேறு மாதிரி கேட்டது. மற்றவர்கள் குறைவாக வாங்கியிருப்பார்கள் என்று காத்திருப்பதற்கும், ரப்பர் பேண்டு கேட்டுவிடுவார் என்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்கும் என்ன வித்தியாசம்? இப்படி உட்கார்ந்து உட்கார்ந்துதானே பதினான்கு வருடம் போயிற்று. மறுதேர்வுக்கு இருக்கிற ஆறு வாரத்தில் கையைத் திருத்த முடியுமா என்பது அவளுக்குத் தெரியாது. எழுபத்தொன்றும் வந்திருக்கிறது, அறுபத்து நான்கும் வந்திருக்கிறது. அதற்கு மட்டும் உண்மையிலேயே ஐந்தாவது விடைதான்.

மறுதேர்வுப் பதிவுப் பக்கத்தின் அடியில், முந்தைய மதிப்பெண் ரத்தாகும் என்பதை அறிவேன் என்று ஒரு கட்டம். அதில் குறியிட்டாள். உறுதியா என்று மறுபடியும் கேட்டது. உறுதி என்றாள்.

கணவனைக் கூப்பிட்டாள். எங்கோ உயரத்தில் ஏறி நின்றுகொண்டிருந்தான். காற்றும் இரும்புச் சத்தமும் கேட்டன.

"பிரேக்கை விட்டாச்சு," என்றாள்.

அவன், தனியாத்தானே உள்ள இருக்கே என்று கேட்டான். ஆமாம் என்றாள். சரி, வரும்போது கடிகாரத்துக்கு பேட்டரி வாங்கிட்டு வா, பாப்பா நேரம் பாக்கணும்ல என்று சொல்லிவிட்டு வைத்தான்.

திரையில் அவளுடைய பக்கம் மறுபடி திறந்தது. பிறந்த தேதி, தேர்வு மையம், பதிவு எண் எல்லாம் அப்படியே இருந்தன. மதிப்பெண் இருந்த கட்டத்தில் அறுபத்தெட்டு இல்லை; ஒரு சிறு கோடு இருந்தது. அவள் பதினான்கு வருடமாக எழுதி வந்த அதே கோடு. கேள்வி கேட்டாகிவிட்டது, கூண்டில் நிற்கிறவர் இன்னும் வாய் திறக்கவில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினாள்.