ஐந்தாம் பகுதியின் கான்ட்ராக்டர்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும், பிறகு வாய் திறக்கும். அன்று காலை பெரம்பலூரில் அரியலூர் பஸ் ஏறி, ஜன்னலோர இடம் பிடித்து உட்கார்ந்த கையோடு காது சூடாகிவிட்டது. சாமிதுரை போன் செய்திருந்தார்.

"மேடம், மெஷினு உள்ள போவ மாட்டேங்குதுங்க."

"போவ மாட்டேங்குதா? அது என்ன சண்டி மாடா?"

"நீங்க ஒரு எட்டு வந்து பாத்துடுங்க. நான் சொன்னா நம்ப மாட்டீங்க."

"வரேன். வந்து பாக்குறப்ப மெஷினு நல்லா இருந்துச்சு, உங்கள உண்டு இல்லைன்னு ஆக்கிடுவேன்."

பக்கத்து இருக்கை அம்மா தன் கூடையைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டார்.

சாமிதுரை பொக்லைன் ஓட்டுபவர். நான் ஹேமலதா; அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டும் ஒரு கம்பெனியில் திட்ட மேலாளர். எந்த வேலை எப்போது தொடங்கும், எதற்குப் பின் எது வரும் என்று அட்டவணை போட்டு, முடியும் வரை எல்லோரையும் விரட்டுவது என் பிழைப்பு. அந்த வருஷம் என் கையில் இருந்தது, கல் எடுத்து முடித்த குழிகளில் மண் நிரப்பி மரம் நடும் திட்டம். இடத்தை ஐந்து பகுதிகளாகப் பிரித்திருந்தோம். வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து இயக்குநர் ஆய்வுக்கு வருகிறார். அன்றைக்கு ஐந்து பகுதிகளிலும் வேலை ஓடிக்கொண்டிருந்தால், கம்பெனியின் எல்லாத் திட்டங்களுக்கும் தலைமைப் பொறுப்பு எனக்கு. ஒன்று இடித்தாலும் அது திருச்சி ஆபீஸ் மணிவண்ணனுக்குப் போய்விடும்.

அந்த நாற்காலி எனக்கு எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். சண்டை போட்டு ஒரு காரியம் சாதித்திருந்தேன். கம்பெனியில் யார் எந்த வேலைக்கு அட்டவணை போட்டாலும், ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு கட்டம் இருக்க வேண்டும்: இந்த வேலையால் மண்ணுக்கும் தண்ணீருக்கும் உயிருக்கும் என்ன ஆகும்? கூட்டத்தில் சிரித்தார்கள். "அப்படியே டீக்கு எவ்வளவு சக்கரைன்னும் ஒரு கட்டம் போட்டுடுங்க" என்றார் ஒரு மகானுபாவர். கட்டம் வந்தது. ஒரே மாதத்தில் எல்லோரும் அதில் ஒரே வார்த்தையை அடிக்கக் கற்றுக்கொண்டார்கள்: 'பொருந்தாது'. ஓடைக் கரையை வெட்டுகிறவனும் பொருந்தாது, ஆழ்துளைக் கிணறு போடுகிறவனும் பொருந்தாது. தலைமைப் பொறுப்பு கைக்கு வந்தால் அந்த வார்த்தையையே ஒழித்துக் கட்டுவேன் என்று கறுவிக்கொண்டிருந்தேன்.

என் மரம் நடும் திட்டம் மட்டும் என்ன வாழ்ந்தது? பெரம்பலூரைத் தாண்டி எங்கிருந்தோ டிப்பர் டிப்பராகச் செம்மண் வந்தது. கன்றுகள் வேறு மாவட்டத்திலிருந்து லாரியில் வந்தன. வந்த களைப்பிலேயே பாதி வாடிப்போயின. தண்ணீருக்கு டேங்கர். கன்றைச் சுற்றியிருந்த கறுப்புப் பிளாஸ்டிக் பைகள் காற்றில் பறந்து வேலி முழுக்கத் தொங்கின. 'பூமியைக் காப்போம்' என்ற பிளக்ஸ் பேனர் ஒன்று, அதுவும் பிளாஸ்டிக்தான். பார்க்கப் பார்க்க எரிச்சல் வரும். ஆனாலும் அட்டவணை நகர்ந்தது, நானும் அதன் பின்னால் ஓடினேன்.

நகராதது ஐந்தாம் பகுதி மட்டும். நான் இந்தக் கம்பெனிக்கு வருவதற்கு முன்பே அங்கே சரிவில் மண் சரிந்து, அபாயப் பலகை மாட்டி, வேலி போட்டு விட்டிருந்தார்கள். சுற்றிலும் சீமைக்கருவேல முள் மண்டிக் கிடந்ததால் உள்ளே என்ன இருக்கிறதென்று யாரும் பார்த்ததில்லை. முள்தானே என்று 'புதர் அகற்றல், நிரப்புதல், நடுதல்' என மூன்று வரி எழுதிவிட்டேன். முன்னேற்றம்: பூஜ்யம். கணினியைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பூஜ்யம் கண்ணை உறுத்தியது.

போய் இறங்கினேன். பொக்லைன் முள்ளுக்கு நடுவே ஒரு சந்து வெட்டிக்கொண்டு போய் விளிம்பில் நின்றிருந்தது. பார்த்தால் புது மாப்பிள்ளை மாதிரி ஜம்மென்று இருக்கிறது, ஒரு கோளாறும் இல்லை.

"மெஷினு நல்லாத்தானே இருக்கு? காலங்காத்தால விளையாட நான்தான் கெடச்சேனா?"

"உள்ள வாங்க மேடம். தலை, தலை, முள்ளு."

திட்டிக்கொண்டேதான் குனிந்து நுழைந்தேன். நிமிர்ந்தபோது மிச்சத் திட்டு வாயிலேயே நின்றுவிட்டது.

கீழே தண்ணீர். இளநீர்க் காயின் பச்சையில், அடியில் கிடக்கும் கல் தெரிகிற தெளிவில், குழி நிறையத் தண்ணீர். நாங்கள் கல் வெட்டிய படிகள் நாலு பக்கமும் அப்படியே இறங்கின. ஆனால் எந்தப் படியும் வெறும் படியாக இல்லை. மேல் படியில் வேம்பும் நுணாவும். அதற்குக் கீழே பாறை வெடிப்பில் முளைத்த ஓர் அத்தி, வேர்களைச் சுவரோடு வழியவிட்டுத் தண்ணீர் வரைக்கும் அனுப்பியிருந்தது. தண்ணீர் ஓரமெல்லாம் சம்பங்கோரை. சாய்ந்த கருவேலக் கிளை ஒன்றில் தூக்கணாங்குருவிக் கூடுகள் ஆடிக்கொண்டிருந்தன, ஒவ்வொன்றிலும் போக்கும் வரத்தும். நீர்க்கோழி ஒன்று குஞ்சுகளை வரிசையாக ஓட்டிக்கொண்டு போனது. மீன்கொத்தி விழுந்து எழுந்தபோது அதன் வாயில் மீன் துடித்தது. மீன்! இந்தக் கல்லுக் குழியில் மீனை எவர் கொண்டுவந்து விட்டார்கள்?

"அடேயப்பா" என்றேன்.

"சுவரப் பாருங்க மேடம்" என்றார் சாமிதுரை.

பக்கத்துச் சுவரில் தாம்பாளம் அகலத்துக்கு ஒரு சுருள். கல்லாகிப்போன கடல் உயிரின் ஓடு. ஒன்றல்ல, சுவர் நெடுகச் சின்னதும் பெரியதுமாக. அரியலூர் ஒரு காலத்தில் கடல் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள், மியூசியத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இது மாதிரி சுருளைப் பார்த்துமிருக்கிறேன். கம்பெனியில் அதை ஒடித்துத்தான் சிமெண்டுக்கு அனுப்புகிறோம். ஆனால் இந்தச் சுருளின் மேல் ஊற்று கசிந்து பாசி பிடித்திருந்தது. அந்தப் பாசியில், சுருளின் வளைவோடு வளைந்து, ஓர் உயிருள்ள நத்தை ஊர்ந்துகொண்டிருந்தது.

எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. கடல் இருந்தது, போனது. அதன்மேல் மண் மூடியது. மண்ணை நாங்கள் கிழித்தோம், கல்லை எடுத்தோம், பயந்துபோய் வேலி போட்டு விட்டுப் போனோம். விட்ட இடத்தில் தண்ணீர் வந்து, தண்ணீரோடு இத்தனையும் வந்து, மறுபடியும் ஒரு நத்தை அந்த ஓட்டின் மேலேயே நடக்கிறது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"மெஷினுக்கு ஒண்ணும் இல்லீங்க. எனக்குத்தான் கை வரல" என்றார் அவர்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஐந்தாம் பகுதியின் மூன்று வரிக்கு எதிரேயும் அந்தக் கட்டம் உண்டு. கட்டம் வேண்டுமென்று ஊரைக் கூட்டிச் சண்டை போட்டவள், என் கையாலேயே, இடத்தை எட்டிக்கூடப் பார்க்காமல் அதில் அடித்திருந்தேன்: பொருந்தாது, பொருந்தாது, பொருந்தாது. இத்தனை நாள் மற்றவர்களைத் திட்டியதெல்லாம் மொத்தமாகத் திரும்பி வந்து என் தலையில் இறங்கியது.

போனில் நாலு படம் எடுத்து, என் மேலதிகாரி முத்தமிழ்செல்வன் சாருக்கு அனுப்பினேன். உடனே அழைத்தார்.

"ஏம்மா ஹேமா, பிரமாதம்மா! ஐந்தாம் பகுதியா இது? பூஜ்யம்னு போட்டுட்டு இத முடிச்சு வச்சிருக்க! யாரு கான்ட்ராக்டரு? மிச்சப் பகுதியெல்லாம் அவங்களுக்கே குடுத்துடலாமே!"

"நேர்ல வாங்க சார்."

வந்தார். முள்ளில் சட்டை மாட்டி, அதைப் பிய்த்துக்கொண்டு உள்ளே வந்து, தண்ணீரைப் பார்த்து, அத்தியைப் பார்த்து, "ஆளுங்க எங்கம்மா?" என்றார்.

"ஆளே இல்ல சார். யாரும் ஒண்ணும் செய்யல. நாம வேலி போட்டோம், மறந்துட்டோம். அவ்வளவுதான்."

"வெளயாடாத."

"சத்தியமா சார்."

ஹெல்மெட்டைக் கழற்றினார். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி இருந்தது. அவர் போன் அடித்தது. யாரென்று பார்க்காமலே அணைத்தார். கூடுகளையும் நத்தையையும் மாறி மாறிப் பார்த்தார். பேசியபோது குரல் இறங்கியிருந்தது.

"நம்ம கண்ணுல படாததால தப்பிச்சிருக்கு."

"ஆமா சார்."

"ஆனா ஹேமா, வெள்ளிக்கிழமை பூஜ்யம்னு நிக்குமே. டைரக்டரு அந்த ஒரு நம்பரத்தான் பாப்பாரு. மணிவண்ணன் காத்துக்கிட்டு இருக்கான், தெரியும்ல?" கொஞ்சம் தயங்கினார். "ஒரு ஓரமா, கொஞ்சூண்டு மட்டும் மெஷின விட்டு நிரப்பிடலாம். வேலை ஆரம்பம்னு காட்டிடலாம். மிச்சத்த அப்பறம் பேசிக்கலாம்."

கெட்ட மனுஷர் இல்லை, எனக்காகத்தான் சொன்னார். எனக்கும் சபலம் தட்டியது, பொய் சொல்வானேன். அந்த நாற்காலிக்காக எத்தனை பேரிடம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்!

"சரி சார். எந்த ஓரம்? நீங்களே காட்டுங்க."

கையைத் தூக்கினார். கோரைப் பக்கம் நீட்டப் போனார். நீர்க்கோழிக் குஞ்சுகள் அங்கேதான் ஒதுங்கியிருந்தன. அத்திப் பக்கம் திருப்பினார். சுவர்ப் பக்கம் கொண்டுபோனார். எங்கேயும் விரல் நிற்கவில்லை. கையைக் கீழே போட்டுவிட்டார்.

"மெஷின வெளிய எடுங்க சாமிதுரை" என்றேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. இயக்குநர் திரையில் அந்த எண்ணைத்தான் முதலில் தொட்டார்.

"ஐந்தாம் பகுதி பூஜ்யமா?"

"நாம செஞ்ச வேலை பூஜ்யம் சார். அங்க நடக்குற வேலை வேற" என்று படங்களைக் காட்டினேன். கட்டத்தில் 'பொருந்தாது' இருந்த இடத்தில் இப்போது என்ன எழுதியிருக்கிறேன் என்று வாசித்தேன். கடல், ஊற்று, அத்தி, கூடு, நத்தை. அறையில் யாரும் சிரிக்கவில்லை.

"அழகா இருக்கு. ஆனா இதுல கம்பெனி என்ன செஞ்சுது?" என்றார்.

"விட்டு வச்சுது சார்."

"இதுல உங்க வேலை என்ன?"

"யாரும் உள்ள போவாம பாத்துக்கறது."

முத்தமிழ்செல்வன் சார் தொண்டையைச் செருமினார். "சார், நாலாம் பகுதில இப்பத்தான் தரைய சமன் பண்ணியிருக்கோம், இன்னும் மண் கொட்டல. அதையும் இதே கான்ட்ராக்டருக்கே குடுத்துடலாம்னு நெனைக்கிறேன். டிப்பரு வேணாம், டேங்கரு வேணாம், டீசல் வேணாம்."

டீசல் என்றதும் இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நாலாம் பகுதிக்கும் வேலி போட ஒப்புதல் கிடைத்தது. ஐந்தாம் பகுதியை யாரும் தொடக் கூடாது என்று உத்தரவாயிற்று. தலைமைப் பொறுப்பு மணிவண்ணனுக்குப் போயிற்று. பெரம்பலூர் பஸ்ஸில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். இறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு, சில்லறை தராத கண்டக்டரோடு ஒரு சண்டையும் போட்டேன்.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலை. அதே அரியலூர் பஸ்ஸில் போகிறேன். சாமிதுரை போன்.

"மேடம், நாலாம் பகுதிக்குக் கான்ட்ராக்டர் ஆளு வந்துட்டாங்க."

"எவன் அனுப்புனது? மணிவண்ணனா? வேலியத் தொறந்து விட்டது யாரு?" காது கொதித்தது. "வரேன் இருங்க, ஒருத்தன விட மாட்டேன்!"

ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தேன். வேலி பூட்டியபடி இருந்தது. வெளியே சாமிதுரை மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"எங்க?"

கம்பிக்குள் விரலை நீட்டினார். மொட்டைப் பாறையும் கல்தூளும், புல்கூட இல்லை. எப்போதோ வந்துபோன டிப்பர் டயர் பதிந்த பள்ளத்தில் முழங்கை நீளத்துக்கு மழைத் தண்ணீர் தேங்கி நின்றது. அதன்மேல் சிவப்பாக ஒரு தட்டான். வாலை நீரில் தொட்டது, எழுந்தது, மறுபடி தொட்டது. முட்டை இடுகிறது.

"இவங்கதாங்க" என்றார். சிரிப்பை அடக்க முடியாமல் மீசை துடித்தது.

திட்டத்தான் வாயைத் திறந்தேன். முடியவில்லை. ஆபீஸ் சேலையோடு அந்தச் சேற்றிலேயே குந்தினேன். கண்ணில் நீர் முட்டியது, இந்தத் தடவை வேறு காரணத்துக்கு.

"ஆபீசுக்குப் போவலீங்களா மேடம்?"

"சத்தம் போடாதீங்க" என்றேன். "வேலை நடக்குது."