எட்டரை மணி வெயில்

மாதனூரில் வாஹித் பாஷாவின் வீட்டில் மட்டும் பனிக்காலத்தில் இரவு எட்டரைக்குத்தான் பொழுது சாய்கிறது. பக்கத்து வீடுகளில் ஆறு மணிக்கே விளக்குப் போட்டுவிடுவார்கள்.

வாஹித் பாஷா ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருந்தவர். முதுகு வலியால் வேலையை விட்டபின், ஆம்பூரில் ஒரு பிரியாணிக் கடைக்காரர் முயல் கறி கேட்டதை நம்பிக் கொல்லையில் தகரக் கொட்டகை போட்டார். ஆடி, ஆவணியில் முயல்கள் தாராளமாகக் குட்டி போட்டன. ஐப்பசி கழிந்ததும் நிறுத்திக்கொண்டன. பெண் முயலை ஆண் முயலின் கூண்டில் விட்டால், அது மூலையில் ஒட்டிக்கொண்டு பின்னங்காலால் பலகையைத் தட்டியது. கடைக்காரர் வேறு ஆளைப் பார்க்கப்போவதாகச் சொல்லி அனுப்பினார். கால்நடை மருத்துவர் பாரதி வந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்.

“நோவு ஒண்ணும் இல்ல, பாய். பகல் கம்மியாய்ட்ச்சு, அவ்ளோதான். பதினாலு மணி நேரமாச்சும் வெளிச்சம் இருந்தாத்தான் அதுங்களுக்கு மனசு வரும். சாயந்தரத்துல பல்பு போட்டு வைங்க.”

பல்பு போட்டார். வயரை எலி கடித்தது. மாற்றினார், மறுபடியும் கடித்தது.

அவர் மனைவி ஷஹீன் பானு இன்னொரு கம்பெனியில் தையல் மெஷினில் இருந்தார். விடியுமுன் கம்பெனி பஸ் ஏறி, இருட்டியபின் இறங்குகிறவர். முயலின் காதில் வெயில் பட்டால் உள்ளே ஓடும் நரம்பெல்லாம் சிவப்பாகத் தெரியும். அதைப் பார்க்க அவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் இருந்தது. வீட்டு மனிதர்களிடம் உருது பேசுபவர், முயல்களிடம் தமிழில்தான் பேசுவார். மார்கழியில் ஒரு ஞாயிறு, மடியில் ஒரு பெண் முயலோடு உட்கார்ந்திருந்தபோது வெயில் மலைக்குப் பின்னால் இறங்கப் பார்த்தது. விருந்தாளி எழுந்தால் சொல்வதுபோல வெயிலிடம், “அதுக்குள்ள இன்னா அவசரம்? கொஞ்சம் இருந்துட்டுப் போ” என்றார். வெயில் இருந்துவிட்டது.

மறுநாளும் இருந்தது. பஸ்ஸை விட்டு இருட்டில் இறங்கி, இருட்டில் நடந்து, கேட்டைத் திறந்தால் உள்ளே மாலை நாலு மணி. இரண்டு வாரத்தில் முயல்கள் மனம் மாறின. தை முடிவதற்குள் தங்கள் வயிற்று முடியைத் தாங்களே பிய்த்துப் பெட்டிகளில் பரப்பி, விரல் நீளத்தில் ரோஸ் நிறக் குட்டிகளை ஈன்றன. அதைச் சொல்ல வாஹித் பாஷா பஸ் நிற்கும் இடத்துக்கே போய்க் காத்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படிக் காத்திருந்ததில்லை. ஷஹீன் பானு வெட்கப்பட்டு, கூட இறங்கிய பெண்களுக்குப் பின்னால் நடந்து வந்தார்.

மாசியில் ரமலான் பிறந்தது. நோன்பு வைத்தவர்களைக் கம்பெனியில் முன்னதாகவே விட்டார்கள். பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கு மக்ரிப் பாங்கு சொன்னபோது இவர்கள் முற்றத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பள்ளிவாசல் இமாமான ஹஜ்ரத் குடை பிடித்து வந்து நின்று பார்த்து, ஊருக்கு எப்போது சூரியன் மறைகிறதோ அப்போதே நோன்பு திறக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஷஹீன் பானு மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். ஆனால் தம்ளரைத் தூக்கினால் தண்ணீருக்குள் வெயில் மினுங்கியது. கை தானாக இறங்கிவிட்டது. எட்டரை வரை உட்கார்ந்திருந்தார். சில நாள் கழித்து மெஷின் முன்னால் அவருக்குத் தலை சுற்றியது.

வாஹித் பாஷா அன்று முயல்களுக்குத் தீவனம்கூட வைக்கவில்லை. வெளிச்சத்தை அனுப்பிவிடு, முயல் போனால் போகட்டும், நீ விழுந்துவிடாதே என்று கெஞ்சினார். ஷஹீன் பானு கொட்டகைக்குள் போய், இன்னும் கண் திறக்காத புதுக் குட்டிகளைப் பார்த்துவிட்டு வந்தார். அந்தச் சமயம் வேலிக்கு அப்பால் இருட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு டீச்சர் கிரேஸி, என்ன விஷயம் என்று கேட்டார்.

“இருன்னு சொன்னதே நானு. இப்ப போன்னு எந்த வாயால சொல்வேன், டீச்சர்?”

கிரேஸி தன் வாசலைத் திரும்பிப் பார்த்தார். “எங்க வீட்ல இருட்டிடுச்சே. இங்க வாங்கக்கா.”

வாஹித் பாஷா அன்றே வேலியில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வழி விட்டார். மீதி மாதம் முழுதும் பாங்கு கேட்டதும் இருவரும் பேரீச்சம்பழமும் கஞ்சியும் எடுத்துக்கொண்டு பகலிலிருந்து ராத்திரிக்கு நடந்தார்கள். ஷஹீன் பானு முதல் வாய்த் தண்ணீரைக் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பார். கிரேஸிக்கு அப்போது தவக்காலம், கறி தொடமாட்டார். அதனால் அந்த வருடம் அவர்கள் வீட்டு நோன்புக் கஞ்சியில் கறி சேரவில்லை. வாஹித் பாஷா அதையே இரண்டு கிண்ணம் குடித்தார்.

சித்திரையில் ஊர்ப் பகலே நீண்டுவிட, வெளிச்சம் தன் பாட்டுக்கு ஊரோடு கலந்துகொண்டது. ஐப்பசி மழைக்குப் பிறகு யாரும் கூப்பிடாமலே திரும்பி வந்தது. தெருப் பெண்கள் இப்போது வேலை முடிந்து வந்ததும் துவைத்த கம்பெனி யூனிபார்ம்களைக் கொண்டுவந்து அந்த முற்றத்தில் காயப்போடுகிறார்கள். கயிறு பற்றாமல் வாஹித் பாஷா இன்னொன்று கட்டியிருக்கிறார். கிளிப் மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும்.