ஏழாவது நாற்காலியில் செபமாலை

பெலிண்டாவிடம் ஒரு நல்ல குணம் உண்டு. யாருக்காவது கஷ்டம் என்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கமாட்டாள். கெட்ட குணமும் ஒன்று உண்டு. செய்த நல்லதைப் பற்றி வாயைக் கட்டிக்கொண்டும் இருக்கமாட்டாள். இந்த இரண்டாவதை மட்டும் ஆண்டவர் கொஞ்சம் குறைத்துக் கொடுத்திருந்தால், இந்தக் கதையைச் சொல்லவேண்டிய வேலையே எனக்கு இருந்திருக்காது.

காந்தி மார்க்கெட்டுக்குப் பின்பக்கம் அவளுக்கு ஒரு தையல் கடை. கடைக்குப் பின்னால் வீடு, மேலே ஓர் ஒற்றை அறை. அந்த அறையில்தான் செபமாலையும் அவனுடைய மகள் டிலானியும் இரண்டு வருஷமாக இருந்தார்கள். செபமாலை மன்னார்ப் பக்கத்து மீனவன். இலங்கையில் ஜனங்கள் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற அந்த வருஷம், சின்ன வயதிலேயே சர்க்கரை வியாதி வந்துவிட்ட மகளுக்கு இன்சுலின் கிடைக்காமல், அவளைத் தூக்கிக்கொண்டு படகேறி ராமேஸ்வரம் பக்கம் வந்து இறங்கினான். பாஸ்போர்ட் கிடையாது, விசா கிடையாது. அகதி முகாமில் போய்ப் பெயரும் கொடுக்கவில்லை. ஆண்களை ஜெயிலில் போட்டுவிட்டுப் பிள்ளைகளை ஹோமுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று படகுக்காரன் பயமுறுத்தியிருந்தான். தாயில்லாத பிள்ளை, அவன் பயப்படாமல் என்ன செய்வான்? பஸ் பிடித்துத் திருச்சிக்கு வந்து, பாலக்கரைப் பக்கம் ஒரு மாதா கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தவனை, பூசை முடிந்து வந்த பெலிண்டா பார்த்தாள்.

பார்த்தவள் சும்மா போகவில்லை. வீட்டுக்குக் கூட்டிவந்து சோறு போட்டாள். வாழைக்காய் மண்டியில் தார் இறக்குகிற வேலைக்குச் சொல்லிவிட்டாள். ஸ்ரீரங்கத்தில் தெரிந்த ஒரு டாக்டரிடம் பிள்ளையைக் காட்டினாள். நெற்றியில் நாமம் போட்ட அந்த மனிதர் எந்த ஊர், என்ன ஜாதி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, மருந்தை எழுதிக் கொடுத்தார். இன்சுலின் பெலிண்டாவின் ஃபிரிட்ஜில், மோர் பாட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. அவளுடைய தம்பி மலேசியாவில் விசா முடிந்தபிறகும் ஒளிந்து வாழ்ந்தவன். ஒரு சீனர் தன் ஓட்டல் சமையற்கட்டில் வைத்துக் காப்பாற்றினார். அந்தக் கடனைத்தான் ஆண்டவர் தன் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார் என்று பெலிண்டா உறுதியாக நம்பினாள்.

விஷயம் முழுதாகத் தெரிந்தவர்கள் இன்னும் இரண்டே பேர். புதிதாக வந்திருந்த இளவயதுப் பங்குச் சாமியார் ஒருவர், கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவையில் துணைத்தலைவராக இருந்த ரிட்டயர்டு எஸ்.ஐ. அருள்ராஜ் இன்னொருவர். அருள்ராஜுக்கு இதில் கொஞ்சமும் சம்மதமில்லை. சாமியார் அறையில் மூவரும் பேசும்போதெல்லாம் அவர் ஒரே பல்லவியைத்தான் பாடினார். ஆளைக் கூட்டிப்போய் முறைப்படி பெயர் பதியலாம், நானே கூட வருகிறேன், கொஞ்ச நாள் அலைச்சல்தான், பிறகு அந்தப் பிள்ளை பயமில்லாமல் பள்ளிக்கூடம் போகும் என்பார். ஏற்கெனவே நம்மைப் பார்க்கிற பார்வை சரியில்லை, இதுவும் வெளியே தெரிந்தால் கோயில் பெயர்தான் நாறும் என்பதையும் சேர்த்துக்கொள்வார். பெலிண்டாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். கைக்குழந்தையோடு எகிப்துக்கு ஓடின குடும்பத்தைத்தானே வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் குடிலில் வைத்துக் கும்பிடுகிறோம் என்று ஒருநாள் கேட்டேவிட்டாள்.

அருள்ராஜ் கோபப்படவில்லை. "அதே குடும்பம் பெத்லகேமுக்கு எதுக்கும்மா போச்சு? நிறைமாசத்தோட, பேர் பதியத்தானே போச்சு?" என்றார்.

சாமியார் சிரித்துவிட்டார். பெலிண்டா சிரிக்கவில்லை. போலீஸ்காரர் வேதம் படித்தாலும் லத்தியோடுதான் படிப்பார் என்று வீட்டுக்கு வந்து செபமாலையிடம் பொருமினாள். செபமாலை தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். பெயர் பதிவதைப் பற்றி அவன் என்ன நினைக்கிறான் என்று அவள் கேட்கவில்லை.

அப்படியே போயிருந்தால்கூடப் பரவாயில்லை. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் வந்தது. அன்று மாலைப் பூசையில், இயேசு தன் சீடர்களுக்குச் செய்ததுபோல், சாமியார் பன்னிரண்டு பேருடைய பாதங்களைக் கழுவி முத்தமிடுவது வழக்கம். வருஷா வருஷம் பேரவைப் பெரியவர்களே வெள்ளை வேட்டியில் வந்து உட்காருவார்கள், வீட்டிலேயே காலைத் தேய்த்துக் கழுவிவிட்டு. இந்த வருஷம் சாமியார், யாரும் கண்டுகொள்ளாதவர்களாகப் பார்த்து உட்காரவைப்போம் என்றார். துப்புரவு வேலை செய்பவர், ஆட்டோக்காரர், வீட்டுவேலை செய்கிற பெண் என்று ஆட்கள் முடிவானார்கள். ஏழாவது நாற்காலிக்குப் பெலிண்டா செபமாலையின் பெயரைச் சொன்னாள்.

"சும்மா இருக்கிறவர ஏம்மா மேடையேத்துறீங்க?" என்றார் அருள்ராஜ்.

மனிதருக்கு மனசே கிடையாது என்று பெலிண்டா தீர்மானித்துவிட்டாள். செபமாலையும் முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னான். பிறகு, "முகம் வெளியில தெரியாதுதானே அக்கா?" என்று கேட்டான். கால்தான் தெரியும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவள் சொன்னாள். தலைக்கு மேலே கூரை கொடுத்தவளிடம் அவன் வேறென்ன சொல்வான், ஓம் என்று சம்மதித்தான்.

அன்று கோயிலில் நிற்க இடமில்லை. பூசை யூடியூபில் நேரலையாகப் போய்க்கொண்டிருந்தது. மைக் பெலிண்டாவிடம் இருந்தது. ஒவ்வொருவருடைய பாதத்தையும் கழுவும்போது அவர் யார் என்று ஒரு வரி வாசிக்கவேண்டியது அவள் பொறுப்பு. செபமாலைக்கு அவள் எழுதிவைத்திருந்தது, உழைப்பாளிச் சகோதரர் என்பது மட்டும்தான். ஆனால் சாமியார் முழந்தாளிட்டு அந்த வெடித்த பாதத்தைக் கையில் ஏந்தியதும் அவளுக்குத் தொண்டை அடைத்தது. அடைத்த தொண்டை அத்தோடு நின்றிருக்கக் கூடாதா? இலங்கையிலிருந்து நோயாளி மகளைத் தூக்கிக்கொண்டு படகில் வந்தவர், எந்த நாட்டுக் காகிதமும் கையில் இல்லாமல் நம் நடுவில் வாழ்கிறவர், வாழைக்காய் மண்டியில் தார் சுமக்கிறவர், இவரைப் பாருங்கள், இவரில் இயேசுவைப் பாருங்கள் என்று அழுகிற குரலில் சொல்லிக்கொண்டே போனாள். கோயிலே மூக்கை உறிஞ்சியது. கேமராக்காரர் என்ன செய்வார், பாருங்கள் என்றதும் காலைவிட்டு முகத்தைக் காட்டினார். செபமாலை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான்.

அன்று பெலிண்டாவுக்கு அவ்வளவு சந்தோஷம். போனில் பாராட்டு குவிந்தது. அருள்ராஜ் மட்டும் அவளைத் தாண்டிப் பேசாமல் போனார். போகட்டும், உறைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை, செபமாலை மகளையும் மண்டிக்குக் கூட்டிப்போயிருந்தான். மத்தியானம் வீட்டுக்கு வரவில்லை. தேடிப்போன பெலிண்டாவிடம் மண்டிக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். போலீஸ் வந்து இருவரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டதாம். "உங்க கோயில் ரிட்டயர்டு எஸ்.ஐ. இருக்காரே, அவரும் பின்னாலயே வண்டியில போனாருங்க."

பெலிண்டா யோசிக்கவே இல்லை. அங்கேயே நின்று போனை எடுத்தாள். பங்கு வாட்ஸ்அப் குழுவில், நம்ம நடுவிலேயே ஒரு யூதாஸ் இருந்திருக்கிறார், காக்கியைக் கழற்றினாலும் புத்தி போகவில்லை என்று அருள்ராஜின் பெயரையும் சொல்லி ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து ஸ்டேஷனுக்குப் போனாள்.

வெளி பெஞ்சில் அருள்ராஜ் உட்கார்ந்திருந்தார். டிலானி அவர் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் ஒரு சின்ன ஐஸ் பெட்டி. மருந்துக்கடையில் இன்சுலினும் ஊசியும் வாங்கி ஐஸில் வைத்திருந்தார். இன்சுலின் தன் வீட்டு ஃபிரிட்ஜிலேயே இருக்கிறது, அதை எடுத்துவரத் தனக்குத் தோன்றவில்லை என்பது அப்போதுதான் பெலிண்டாவுக்கு உறைத்தது. அவருடைய சட்டைப்பையில் போன் விடாமல் டிங் டிங் என்றது. அவர் அதை எடுக்கவில்லை.

"உக்காருங்கம்மா. மண்டிக்காரர் போன் பண்ணினதும் ஓடி வந்தேன்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இன்ஸ்பெக்டர் வீடியோவைக் காட்டினாரு. எங்கெங்கயோ சுத்தி இவங்க கைக்கு வந்துருக்கு. பின்னாடி உங்க குரல். மண்டி வரைக்கும் நீங்களே வழி சொல்லியிருக்கீங்க."

பெலிண்டா பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"யார் சார் இந்தப் பேசுற அம்மான்னு கேட்டாரு. தெரியாதுன்னுட்டேன்," என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "சர்வீஸ் பூரா இங்க வந்து பொய் சொன்னவங்களத்தான் பார்த்திருக்கேன். இன்னைக்கு நானும் சொல்லிட்டேன். அடைக்கலம் குடுத்ததும் குத்தம்தான், உங்க மேலயும் கேஸ் வரும். அவனும் உங்களப் பத்தி வாயத் திறக்கல, மார்க்கெட்லயே படுத்துக்குவோம்னு சாதிக்கிறான். நீங்க இப்படியே போயிடுங்க. ஆனா பிள்ளைய ஹோமுக்குத்தான் அனுப்புவாங்க. கூட வச்சிருந்தவங்க யாராவது பொறுப்பேத்தா வேற மாதிரி பார்க்கலாங்கிறாங்க."

அப்போது அவளுக்கு அந்தச் சீனருடைய ஞாபகம் வந்தது. தம்பி ஊர் திரும்பி வந்து சொன்னபிறகுதான் அப்படி ஒருவர் இருப்பதே இவர்களுக்குத் தெரியும். அந்த மனிதர் கடைசிவரை யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஸ்ரீரங்கத்து டாக்டர் சொல்லவில்லை. சட்டம் சட்டம் என்று உயிரை வாங்கிய அருள்ராஜ்கூடச் சொல்லவில்லை. சொன்னது அவள் ஒருத்திதான். பெஞ்சில் உட்கார்ந்தபடி வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்தாள். போனை எடுத்து அந்த வாய்ஸ் மெசேஜை அழித்தாள். அதற்குள் பாதிப் பங்கும் கேட்டிருந்தது.

வாசல் திறந்துதான் கிடந்தது. வெளியே ஆட்டோவும் நின்றது. பெலிண்டா எழுந்தாள், உள்ளே போனாள். அருள்ராஜ் கையை நீட்டித் தடுக்கப் பார்த்தது அவளுக்குத் தெரிந்தது.

"பிள்ளை என் வீட்லதாங்க இருந்துச்சு. நான்தான் ரெண்டு வருஷமா வச்சிருந்தேன்," என்றாள்.

எழுதிக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர், முகத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே பேனாவை நிறுத்தினார். அந்தக் குரலை அவர் காலையிலிருந்து எத்தனை தடவை கேட்டிருப்பாரோ. "இந்த வீடியோவுல பேசுறது நீங்கதானாம்மா?"

"நான்தாங்க."

கேஸ் உங்கள் மேலும் வரும் என்றார், வரட்டும் என்றாள். பிள்ளையின் பொறுப்பு பற்றி மேலே கேட்டுச் சொல்வதாகவும், அதுவரை அவளோடு இருக்கட்டும் என்றும் சொல்லிக் கையெழுத்து வாங்கினார். பின்னாலேயே வந்து நின்ற அருள்ராஜை ஒரு பார்வை பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

செபமாலையைக் கூட்டிப்போகும் முன் மகளோடு பேச விட்டார்கள். பெலிண்டா அவனிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று வாயெடுத்தாள். அவன் அவளைத் திட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. அவனுக்குக் கேட்கவேண்டியது வேறு இருந்தது.

"அக்கா, பிள்ளைக்கு ஊசி போடத் தெரியுமோ?"

இரண்டு வருஷம் மருந்து அவள் ஃபிரிட்ஜில் இருந்தது. நோயாளிப் பிள்ளை என்று கோயிலெல்லாம் கேட்க மைக்கில் சொன்னவள் அவள்.

"தெரியாது," என்றாள்.

செபமாலை ஐஸ் பெட்டியைத் திறந்து, மகளின் சட்டையை லேசாகத் தூக்கி, "இங்க பாருங்கோ," என்றான். பெலிண்டா தரையில் முழந்தாளிட்டு, வாயைத் திறக்காமல் அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.