மூடாத கவுன்ட்டர்

வெள்ளிக்கிழமை மதியத் தொழுகைக்கு மற்றவர்கள் கிளம்பினால் கணினி அறையை டெமியானா பார்த்துக்கொள்வாள். காப்டிக் கிறிஸ்தவளான அவளுக்கு ஜனவரி ஏழுதான் கிறிஸ்துமஸ்; அன்றைக்குச் சக ஊழியர் ஹாஜி பயூமி அவள் வேலையையும் சேர்த்துப் பார்ப்பார். கெய்ரோவின் அந்தப் பதிவு அலுவலகத்தில் இதை யாரும் எழுதி வைத்ததில்லை, யாரும் மீறியதும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவள் கையில் பெரிய வேலை இருந்தது. பிறப்பு, திருமணம், இறப்பு என்று எல்லாப் பதிவும் இருந்த பழைய சேமிப்புப் பெட்டிக்கு ஆயுள் முடிந்துவிட்டது. நைலுக்கு அக்கரையில், கீஸாவில், புதுப் பெட்டி காத்திருந்தது. பழையதன் இருநூற்றுப் பன்னிரண்டு வட்டுகளையும் புதியதன் வட்டுகளோடு ஜோடி சேர்த்துவிட்டால், அலுவலகத்தின் பெரிய கணினியான மெயின்ஃபிரேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எல்லாம் கம்பி வழியாக அங்கே நகலாகும். இரண்டும் சமமானதும் மெயின்ஃபிரேமைப் புதுப் பெட்டிக்கு மாற்றிவிட வேண்டியதுதான். ஒரு கவுன்ட்டரையும் மூட வேண்டாம்.

இதற்காக மேலிடத்தோடு மல்லுக்கட்டியவள் அவள்தான். ஆறு வருடத்துக்கு முன் இதே வேலையைக் காந்த நாடாக்களில் பதிந்து எடுத்துப்போய்ச் செய்தார்கள். ஐந்து நாள் கவுன்ட்டர் மூடல். அந்த வாரம்தான் அவள் அப்பா இறந்தார். அடக்கத்துக்கு அனுமதிச் சீட்டு கிடைக்காமல் மூன்று நாள் ஆஸ்பத்திரிக் குளிர்பெட்டியில் கிடந்தார். தன் அலுவலகத்தின் பூட்டிய கதவுக்கு முன் தானே நின்று அழுததை அவள் மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. இந்த முறை மேலிடம் கொடுத்த கெடு சனிக்கிழமை மாலை. தவறினால் ஞாயிறு முதல் மறுபடி கதவடைப்பு, மறுபடி நாடா.

ஜோடிப் பட்டியலைக் கையால் எழுதிக் கொடுத்துவிட்டு ஹாஜி தொழப் போயிருந்தார். அதைப் பார்த்துக் கட்டளைகளை அடித்தவன் ஸ்டெலியோஸ், பெட்டி விற்ற நிறுவனம் அனுப்பிய ஏதென்ஸ்காரன். கெட்டிக்காரன்தான், பொறுமை மட்டும் கடையில் வாங்க வேண்டும். அவன் பொத்தானைத் தட்டினான். முதல் ஜோடியே மறுக்கப்பட்டது: நகல் எழுத வேண்டிய வட்டு உபயோகத்தில் இருக்கிறதாம்.

“கீஸால யாரோ புது வட்டை இணைச்சுட்டுக் கழட்ட மறந்திருக்காங்க, மேடம். ‘கட்டாயம்’னு ஒரு வார்த்தை சேர்த்தா ஓடிரும்” என்றான்.

“இருப்பா.”

“நான் எத்தனை ஊர்ல செஞ்சிருக்கேன். இப்ப ஆரம்பிக்கலன்னா நாளைக்கு முடியாது. ஞாயித்துக்கிழமை கதவு சாத்தினா என்னையச் சொல்லாதீங்க.”

அது சரியான இடத்தில் குத்தியது. ‘சேர்த்துவிடு’ என்று சொல்ல வாயெடுத்தவள், “அடுத்ததைப் போடு” என்றாள். மறுப்பு. அதற்கடுத்ததும் மறுப்பு. முதல் பத்து ஜோடியும் அப்படியே.

“ஒண்ணு ரெண்டு மறப்பாங்க. பத்துமா? காலி வீட்டுல இத்தனை பேரு யாருப்பா குடியிருக்கிறது?”

அவள் ஹாஜியின் பட்டியலை இழுத்துப் பார்த்தாள். அரபி எழுதும் கை, வழக்கம்போல வலப்பக்கம் பழையதை வைத்து இடப்பக்கம் புதியதை எழுதியிருந்தது. தலைப்புகள் அரபியில். வட்டு எண்கள் மட்டும் ஸ்டெலியோஸுக்குப் புரிகிற எழுத்தில்.

“இதை எந்தப் பக்கத்துலேருந்து படிச்ச?”

“இடது பக்கத்துலேருந்து. வேற எந்தப் பக்கம்?”

“எங்க ஹாஜி எழுதற பக்கம். வலது.”

அவன் முகம் வெளுத்துவிட்டது. உபயோகத்தில் இருந்தவை மெயின்ஃபிரேமின் பழைய வட்டுகளேதான். அந்த ஒரு வார்த்தையைச் சேர்த்திருந்தால் காலிப் பெட்டி பழையதன் மேல் நகலாகி, ஊர் உலகத்துப் பதிவெல்லாம் துடைபட்டுப் போயிருக்கும். காப்புக்கு நாடா இருந்தது. ஆனால் அதிலிருந்து மீட்க வாரக்கணக்காகும், அத்தனை வாரமும் கதவு பூட்டியே கிடக்கும். டெமியானா நாற்காலியை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்து ஒரு கோப்பைத் தண்ணீர் குடித்தாள். பிறகு அவள் ஒவ்வொரு வரியாகச் சத்தமாக வாசிக்க, அவன் எல்லாக் கட்டளையையும் திருப்பி அடித்தான். முதல் ஜோடி மறுபேச்சில்லாமல் சேர்ந்தது.

காப்டிக் சபையின் நோன்பிலிருக்கும் டெமியானாவுக்கென்று நெய் படாத ஃபூல் என்ற அவரைப்பயறு மசியலோடும் ரொட்டியோடும் ஹாஜி திரும்பி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் பட்டியலை எடுத்துப் பார்த்தார்.

“என் தப்புதான் தாயி. ஒரு அம்புக்குறி போட்டிருக்கணும்.”

“நான் கேட்டிருக்கணும்” என்றான் ஸ்டெலியோஸ்.

“முதல்ல சாப்பிடுங்க ரெண்டு பேரும்” என்றாள் டெமியானா. “ தப்பை அப்புறம் பங்கு போட்டுக்கலாம்.”

சனிக்கிழமை மூன்று மணிக்கு இருநூற்றுப் பன்னிரண்டும் சமமாகிவிட்டன. நான்கு மணிக்கு மெயின்ஃபிரேம் புதுப் பெட்டியில் ஓடியது, ஏதோ பிறந்ததிலிருந்தே அங்கே இருந்ததைப் போல.

ஞாயிறு காலை அவள் கீழே இறங்கிக் கவுன்ட்டர் பக்கம் போய் நின்றாள். கசங்கிய கலாபியா என்ற நீள அங்கியோடு ஒருவர், தூங்காத கண்கள், அடக்க அனுமதிச் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு திரும்பினார். எதிரே இவள் நின்றதால் இவளிடமே கொட்டினார்.

“எங்கம்மா செத்துப்போச்சு. பத்து நிமிசமா நிக்க வெச்சுட்டாங்க. இந்த ஆபீஸ் உருப்படுமா?”

டெமியானாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“தாமதம்தான் அண்ணே, மன்னிச்சுக்குங்க. வெரசாப் போங்க, அம்மாவைக் காக்க வைக்காதீங்க.”